விஜயதசமிக் காலையில் வராத நெட்

நெட் லைன் பழுது பார்க்கிற இந்த வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஒரு வாக்கியம் உங்கள் காதில் விழுந்திருக்கும். "சார், வைஃபை காட்டுது, நெட்டு வர்ல." ஓய்வு பெறும் நாள் வரைக்கும் அது உங்களை விடாது. என்னை விடவில்லை. திண்டிவனம் ஆபீஸில் எனக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, நாலு பேர் நல்லபடியாகப் பேசி முடித்த கையோடு, "போற வழிதானே, ஒரு வீட்டைப் பாத்துட்டுப் போயிடுங்க" என்று ஒரு சீட்டையும் கொடுத்தார்கள். அதிலும் இதே கம்ப்ளெயின்ட்தான்.

அதைச் சரிசெய்வது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், போனில் வீடியோவும் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வைஃபை என்பது வீட்டில் இருக்கும் பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உள்ள தொடர்பு. நெட் என்பது அந்தப் பெட்டிக்கு வெளியிலிருந்து வருவது. வீட்டுக் குழாய் நன்றாகவே இருக்கிறது, தெரு டேங்கிலிருந்துதான் தண்ணீர் வரவில்லை என்பது போல. குழாயைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் தண்ணீர் வந்துவிடாது. இதை எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அப்படிச் சொல்லிக் கொடுத்த நானே ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். புதிதில் செய்த தப்பாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், தலை முழுக்க நரைத்த பிறகு செய்தது. அதனால் இன்னும் உறுத்துகிறது.

அன்று விஜயதசமி, சனிக்கிழமை. ஆபீஸில் நான் ஒருவன்தான் டூட்டி. மற்றவர்கள் எல்லாம் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். புயலுக்கு அடுத்தபடியாக நமக்கு அதிகம் கம்ப்ளெயின்ட் வருகிற நாள் ஆயுதபூஜைக்கு மறுநாள் என்பது உங்களுக்கும் போகப் போகத் தெரியும். ஜனங்கள் முதல் நாள் வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். மறுநாள் நாம் போய்த் துடைக்க வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஒரு பெண் பேசினாள். பிரம்மதேசம் தாண்டி ஒரு கிராமம். "சார், எனக்குப் பத்தரைக்குக் கிளாஸ் இருக்கு. கம்ப்யூட்டர்ல வைஃபை கனெக்ட் ஆவுது, ஆனா நெட்டு இல்லைன்னு காட்டுது. கொஞ்சம் ஜல்தியா வர முடியுமா சார்?" குரலில் அழுகை இல்லை. ஆனால் மூச்சு வாங்குவது கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவள் பெயர் வனிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மகள் வயது, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். கணக்கில் எம்.எஸ்ஸி. படித்தவள். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தவள். புருஷன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை, வாரம் ஒருமுறைதான் வருவார். வீட்டில் மாமனார், மாமியார், இவள். மாமனார் சொந்த நிலத்தில் மல்லாட்டையும் நெல்லும் போடுகிறவர். வெளிநாட்டில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்று இவள் கேட்டிருக்கிறாள். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிறார்களே, அதை விட்டுவிட்டு இது எதற்கு என்று மாமனாருக்கு. கடைசியில் "சரி, ஆரம்பிச்சுப் பாரு" என்று ஓர் அறையைக் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக்குத் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

எட்டுப் பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள், துபாயிலும் சிங்கப்பூரிலும். பெற்றோர்கள் எல்லாரும் ஒரே பிடியாக, முதல் பாடம் விஜயதசமி அன்றுதான், ராகு காலம் முடிந்து பத்தரைக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். கடல் தாண்டிப் போனாலும் பஞ்சாங்கம் கூடவே போகிறது. அந்தப் பத்தரை தவறினால் அவர்கள் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வார்கள். இதையெல்லாம் நான் கேட்காமலே, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

போனதும் பார்த்தேன். கூடத்தில் மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கிற மெஷின் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சுவரோரமாக இருந்தன. அறையில் கம்ப்யூட்டருக்கும் பொட்டு. கூடத்து மேல் அலமாரியில் வைஃபை பெட்டி, அதன் மேல் சாமந்திச் சரம் சுற்றியிருந்தது. சுவரில் நம்முடைய லைன் வந்து சேரும் சின்னப் பெட்டியில் விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. லைன் நன்றாக இருக்கிறது. ஆயுதபூஜைக்கு மறுநாள் என்பதும் என் புத்தியில் இருந்தது. அதனால் கேட்டேன்.

எப்படிக் கேட்டேன் என்பதுதான் விஷயம். கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு, பையைக் கீழே வைக்காமலே, "இந்தப் பெட்டியில யாரு கை வச்சது?" என்றேன்.

"யாரும் தொடலையே சார்" என்றாள் வனிதா. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதல் நாள் முழுக்க அவள் சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மாமியார் தலையை ஆட்டினார். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டார், பேசவில்லை. பேசாமல் இருக்கிறவரைப் பார்த்து மறுபடி ஒரு தடவை, வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அந்தப் பூச்சரத்தைத் தூக்கிப் பார்த்திருக்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக சாமிக்குப் போட்ட பூவில் கை வைப்பானேன் என்று அதையும் விட்டேன். பூவுக்கு நடுவில் ஒரு பச்சை விளக்கு மினுமினுத்தது, எனக்கு அது போதும் என்று பட்டது.

பிறகு வனிதாவின் போனை வாங்கி, அதில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். வைஃபை குறி இருந்தது. பக்கம் கொஞ்சம் மெதுவாகத் திறந்தது, ஆனாலும் திறந்தது. பண்டிகை நாள், எல்லாரும் வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் மெதுவாக வருகிறது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அனுபவசாலிகளுக்கு இதுதான் வியாதி. கண்ணுக்கு முன்னால் ஒன்று இடிக்கிறது என்றால், அதற்கு ஒரு காரணத்தைச் சட்டென்று நாமே தயார் பண்ணிவிடுவோம்.

போனில் வருகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை. அப்படியென்றால் கோளாறு கம்ப்யூட்டரில். முடிந்தது. அதோடு உட்கார்ந்துவிட்டேன். அணைத்துப் போட்டேன், வைஃபையை மறக்கச் சொல்லி மறுபடி சேர்த்தேன், எதையெதையோ நீக்கித் திரும்ப ஏற்றினேன். என்னென்ன செய்தேன் என்று எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வரும். ஒன்பது மணி ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று. மாமியார் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து வைத்தார், அது அப்படியே இருந்தது. வனிதா என் பின்னால் நின்றுகொண்டே ஒவ்வொரு பெற்றோருக்கும் "பத்தரைக்கு ரெடி" என்று தட்டிக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். "கம்ப்யூட்டர்லதாம்மா கோளாறு. விழுப்புரத்துக்கு எடுத்துக்கினு போய்த்தான் பாக்கணும். இன்னிக்குக் கடை இருக்காது, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கட்கிழமைதான் ஆவும்."

நான் சொன்னது ஒரு மெஷினைப் பற்றி. அங்கே கேட்டவர்களுக்கு அது மெஷினைப் பற்றியதாக இல்லை. மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து அறை வாசலில் நின்றார்.

"பூசை போட்ட மறுநாளே இப்பிடி நின்னுப் போச்சின்னா, என்னாத்துக்குமா அது? சகுனமே சரியில்ல. பேஜாரு புடிச்ச வேலை. திங்கக்கெழமை அந்த ஸ்கூல்லயே வர்றேன்னு சொல்லிடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோன குரலில், அவளுக்கு நல்லது சொல்கிற மாதிரிதான் சொன்னார். அதற்கு எதிராக அந்தப் பெண் என்ன பேச முடியும்? திண்டிவனத்திலிருந்து வந்த ஆள், இத்தனை வருட சர்வீஸ், அவரே சொல்லிவிட்டாரே!

நாம் போகிற வீட்டில் என்ன பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. நாம் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு அவர்கள் பள்ளிக்கூடம், கல்யாணம், வேலை எதை வேண்டுமானாலும் தீர்மானிப்பார்கள். நன்றாகப் பார்க்காமல் "கோளாறு" என்று சொல்லாதீர்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. அன்று அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். ஆனாலும் என் முடிவில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உள்ளதை எழுதுகிறேன்.

சந்தேகம் அவளுக்குத்தான் வந்தது.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள். "போன்ல வருது, கம்ப்யூட்டர்ல வர்ல. அதனால கம்ப்யூட்டர் தப்புன்றீங்க."

"ஆமாம்மா."

"ஆனா போனுக்கு ரெண்டு வழி இருக்கு இல்ல சார்? வைஃபை ஒண்ணு, சிம்கார்டு ஒண்ணு. எந்த வழியா வருதுன்னு நாம பாக்கவே இல்லையே? காலையில ஹாட்ஸ்பாட் போட்டுக் கிளாஸ் எடுக்கலாமான்னு டேட்டாவ ஆன் பண்ணிப் பாத்தேன். இங்க டவர் ஒரு கோடுதான், வீடியோ போட்டோ மாதிரி நின்னுடுது. அதுக்கப்புறம் டேட்டாவ ஆஃப் பண்ணவே இல்ல."

சொல்லிக்கொண்டே டேட்டாவை அணைத்தாள். பக்கத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. வைஃபை குறிக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி வந்து நின்றது. அவள் போனை என் முகத்துக்கு நேராகக் காட்டினாள். என் சர்வீஸில் எத்தனையோ அதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த ஆச்சரியக்குறி மாதிரி எதுவும் சுருக்கென்று தைத்ததில்லை.

கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. சுவரில் லைனும் நன்றாக இருக்கிறது. இடையில் மிச்சம் இருப்பது அலமாரியில் பூச்சூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெட்டி ஒன்றுதான். மணி பத்து எட்டு. வனிதாவை அறையிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஸ்டூல் ஆடியது. மாமனார் வந்து பிடித்துக்கொண்டார். பூவை விலக்கிப் பெட்டியைத் திருப்பினேன்.

வைஃபை பெட்டியின் பின்னால் ஐந்து ஓட்டைகள் இருக்கும், உங்களுக்குத் தெரியும். நாலு மஞ்சள், ஒன்று மட்டும் தனியாக நீலம். வெளியிலிருந்து வருகிற ஒயர் அந்த நீலத்தில்தான் இருக்க வேண்டும். அங்கே ஒயர் இல்லை. நீல ஓட்டை நிறையச் சந்தனம் அப்பியிருந்தது. அதன் மேல் நடு மையமாக, அளந்து வைத்தாற்போல் குங்குமம். நம் ஒயர் பக்கத்து மஞ்சள் ஓட்டையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அப்படி இருந்தால் வைஃபை வரும், நெட் வராது.

நான் ஸ்டூலின் மேலிருந்து கீழே பார்த்தேன். அவர் மேலே பார்த்தார். இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது.

"அது ஒண்ணுதான் நீலமா இருந்துச்சிங்க" என்றார், உள்ளே கேட்காத குரலில். "அதான் முக்கியமானதுன்னு பொட்டு அங்க வச்சேன். பொட்டு வச்ச எடத்துல போயி ஒயர எப்பிடி சொருவறது? பக்கத்துல சொருவிட்டேன்."

"நான் வந்ததும் கேட்டேனேங்க, அப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றேன். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

"நீங்க போலீசு கணக்காக் கேட்டீங்க. மருமவ நின்னுக்கினு இருக்கா. நாந்தான்னு சொல்ல வாய் வர்ல."

அவர் சொன்னது சரி. யார் கை வைத்தது என்று கேட்டால் குற்றவாளியைத்தான் தேடுகிறோம் என்று அர்த்தம். எந்த வீட்டிலும் அதற்கு ஒருவரும் கையைத் தூக்க மாட்டார்கள். "நேத்து பூசைக்கு இதையும் எறக்கி வச்சீங்களா?" என்று ஒரு சிரிப்போடு கேட்டிருந்தால், அவரே பெருமையாகச் சொல்லியிருப்பார். பெருமைப்பட அவருக்குக் காரணமும் இருந்தது. அந்த வேலை வேண்டாம் என்று நினைத்த மனிதர்தான் மருமகளின் பெட்டியை மண்வெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, அதில் முக்கியமான இடம் எது என்று தேடிப் பார்த்துப் பொட்டு வைத்திருக்கிறார். எனக்கு எரிச்சல் போய்விட்டது.

மின்சாரத்தை அணைத்தேன். காய்ந்த சந்தனத்தை எடுக்க ஒரு குச்சி வேண்டும் என்றேன். மாமியார் அவசரத்தில் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை உருவிக் கொண்டுவந்தார். "பூசை போட்டதுல தொடப்பக் குச்சியா விடுவாங்க?" என்று மாமனார் அதட்டி, தானே போய் ஊதுபத்திக் குச்சி ஒன்றை முறித்து எடுத்துவந்தார். நான் சுரண்டச் சுரண்ட, உதிர்ந்த சந்தனத்தைக் கீழே சிந்தவிடாமல் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"சார், என்ன ஆச்சி?" உள்ளே இருந்து வனிதாவின் குரல். மணி பத்து இருபது.

அந்த நொடியில் உண்மையைச் சத்தமாகச் சொல்லலாம். சொல்வதற்கு எனக்கு ஆசையும் இருந்தது, ஒன்றரை மணி நேரம் வீணானதற்குப் பழி வேறொருவர் தலையில் போய்விடும். ஆனால் அவள் இன்னும் பத்து நிமிடத்தில் எட்டுப் பிள்ளைகள் முன்னால் முதல் தடவையாகப் பேச வேண்டும். அவர் கையில் சந்தனத்தோடு நிற்கிறார். "வந்துரும்மா, நீ பாடத்தைப் பாரு" என்று மட்டும் சொன்னேன். ஒயரை நீலத்தில் செருகி மின்சாரத்தைப் போட்டேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. கடைசி விளக்கு எரிய எப்போதும் ஆகிற நேரம்தான் ஆயிற்று, எங்கள் இருவருக்கும் அது முடியவே இல்லை.

"வந்துருச்சி சார்!" என்று உள்ளே இருந்து கத்தினாள். பத்தரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டாள். முதலில் கொஞ்சம் தடுமாறிய குரல், பிறகு சிரிப்பு, பிறகு நிதானம். ஏதோ ஒரு குழந்தை அந்தப் பக்கத்திலிருந்து "டீச்சர், ஹாப்பி விஜயதசமி" என்றது எங்களுக்கும் கேட்டது.

நான் கம்ப்ளெயின்ட் சீட்டை எடுத்தேன். அதில் பழுதுக்கான காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. மழை, எலி, லைன் பழுது, இந்த மூன்றில் ஒன்றை எழுதிவிட்டு வருவது நம் வழக்கம். உங்களுக்கும் யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பேனா எலியை நோக்கித்தான் போயிற்று. அப்புறம் யோசித்து, "ஊழியர் தவறாகச் சோதித்ததால் ஒன்றரை மணி நேரத் தாமதம்" என்று எழுதினேன். இணைப்பு மாமனார் பெயரில் இருந்ததால் கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒயர மாத்துனது எங்க?"

"அதை எழுதத் தேவையில்லைங்க."

"உங்க தப்ப நீங்க எழுதிட்டீங்க. என்னுத மறைச்சிட்டுக் கையெழுத்துப் போட்டா நல்லாவா இருக்கும்? எழுதுங்க."

எழுதினேன். "வாடிக்கையாளர் பூஜையின்போது ஒயரை மாற்றிச் செருகிவிட்டார்." அதன் கீழே பொறுமையாகத் தன் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பாடம் முடியட்டும். அவகிட்ட நானே சொல்றேன்" என்றார். "சகுனம் கிகுனம்னு பேசிட்டேன் பாருங்க, அதையும் சேத்து."

வாசலுக்கு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்து கிக்கரில் காலை வைத்தேன். அவர் பின்னாலேயே வந்து என் தோளைத் தொட்டார்.

"இங்க ஸ்டார்ட் பண்ணாதீங்க. ரோடு வரைக்கும் தள்ளிக்கினு போங்க. உள்ள பாடம் நடக்குது."

தள்ளிக்கொண்டே போனேன்.